கேலி எழுதுவோரே, நாற்காலிக்கு அஞ்சாதீர்கள்

அங்கத நாடகம் எழுதும் இளைய நண்பர்களே,

உங்கள் ஒத்திகைகளுக்கும் அரங்கேற்றங்களுக்கும் தவறாமல் வருகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். நாடகம் முடிந்த பிறகு நீங்கள் பேசிக்கொள்வதில் இரண்டு பேச்சு அடிக்கடி என் காதில் விழுகிறது. கேலி எழுதுகிறவன் எப்போதும் வெளியே நிற்க வேண்டும், அரசாங்க நாற்காலியில் போய் உட்கார்ந்தவன் விலைபோனவன் என்பது ஒன்று. நாம் பெரிதாக என்ன எழுதிவிட்டோம், சனங்களைக் கொஞ்சம் சிரிக்க வைக்கிறோம், அவ்வளவுதானே என்பது இன்னொன்று. முதல் பேச்சில் தேவைக்கு மேல் கர்வம் இருக்கிறது. இரண்டாவதில் தேவைக்கு மேல் தாழ்வு இருக்கிறது. எழுதுவது வெறும் சிரிப்பு என்றால், அதில் விலைபோக என்ன இருக்கிறது? விலைபோகக்கூடிய அளவுக்குப் பெரிய விஷயம் என்றால், அதை அவ்வளவுதானே என்று ஏன் சொல்கிறீர்கள்?

இரண்டுமே தவறு என்று வாதாடத்தான் இந்த மடல். சாட்சிக்கு நான் அழைப்பது அல்பேனியாவை. அந்த நாட்டை நீங்கள் இஸ்மாயில் கதாரேயின் நாவல்கள் வழியாக அறிந்திருப்பீர்கள். பனி, மலை, பழிக்குப்பழி, சர்வாதிகாரியின் நிழல் என்று ஒரு அல்பேனியா உங்கள் மனத்தில் இருக்கும். அது உண்மையான அல்பேனியாதான். ஆனால் அதே ஆண்டுகளில் அதே நாட்டு மக்கள் மாலை வேளைகளில் அரங்கத்துக்குப் போய் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். அந்தச் சிரிப்பை எழுதியவர்களில் ஒருவர் பின்னாளில் தன் நாட்டின் சார்பில் ஐக்கிய நாடுகள் சபையில் உட்கார்ந்தார். அவர் பெயர் பெலும்ப் குலா.

குலா ஃபியெர் என்ற ஊரில் வேலை செய்த நாடகக்காரர். எழுதினார், இயக்கினார். அந்த ஊரின் எஸ்ட்ராடா குழுதான் அவருடைய களம். எஸ்ட்ராடா என்பது அல்பேனிய நகரங்களில் அரசு நடத்திவந்த பல்சுவை அரங்கம். பாட்டு இருக்கும், குறுநாடகம் இருக்கும், ஒரு நடிகர் தனியாக வந்து பேசிச் சிரிக்க வைக்கும் பகுதி இருக்கும். தீரானா, ஷ்கோதர், துரெஸ், கொர்ச்சா, வ்லோரா என்று முக்கிய ஊர்களுக்கெல்லாம் இப்படி ஒரு குழு உண்டு. கனமான நாடகங்களை நடத்தும் அரங்கங்களுக்குக் கிடைத்த மரியாதை இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் கூட்டம் இவர்களிடம்தான் வந்தது. உங்கள் மனக்குறையும் இதுதான் என்பது எனக்குத் தெரியும். விருதுப் பட்டியலில் உங்கள் நாடகம் கடைசியில் நிற்கிறது. டிக்கெட் விற்பனையில் முதலில் நிற்கிறது. அந்தக் குறை உங்களோடு பிறந்ததல்ல.

அந்த அரங்கத்தில் சிரிப்பு மூட்டுவது என்றால் என்ன என்பதை நீங்கள் முழுதாக உணர வேண்டும். என்வர் ஹோஜா 1944 முதல் 1985-இல் இறக்கும்வரை அந்த நாட்டை ஆண்டார். 1977-இன் குற்றவியல் சட்டத்தில் 55 என்று ஒரு பிரிவு இருந்தது. அரசுக்கு எதிரான கிளர்ச்சி, பரப்புரை என்று அதற்குப் பெயர். மூன்று முதல் பத்து ஆண்டுச் சிறை. ரொட்டிக்கு வரிசை நீளம் என்று ஒருவர் அலுத்துக்கொண்டாலே அந்தப் பிரிவுக்குள் கொண்டுவந்துவிட முடியும். கேட்டுப்போய்ச் சொல்வதற்கு சிகுரிமி என்ற ரகசியப் போலீசின் ஆட்கள் எங்கும் இருந்தார்கள். 1977-இலேயே கென்ட்ஸ் லேகா, வில்சன் ப்லோஷ்மி என்ற இரண்டு இளம் கவிஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1988-இல், ஹோஜா இறந்து மூன்று ஆண்டு கழித்து, ஹவ்ஸி நேலா என்ற கவிஞரைத் தூக்கிலிட்டார்கள்.

நாடகக்காரர்களும் தப்பவில்லை. மினுஷ் யேரோ எழுதிய 'பழுப்புக் கறைகள்' என்ற நாடகம் 1969-இல் தேசிய நாடக விழாவில் பாராட்டும் பரிசும் பெற்றது. பிறகு ஆளும் கட்சியின் மேலிடம் வேறு மாதிரி தீர்ப்புச் சொன்னது. பரிசு வாங்கிய நாடகமே குற்றப்பத்திரிகை ஆயிற்று. எழுதியவர் சிறைக்குப் போனார். 1972 டிசம்பரில் வானொலியும் தொலைக்காட்சியும் சேர்ந்து நடத்திய பாட்டு விழா ஒன்றில் மேடை அலங்காரமும் பாட்டும் கொஞ்சம் கலகலப்பாக இருந்தன. 1973-இல் கட்சியின் மத்தியக் குழு கூடி அதை அந்நியச் சீரழிவு என்று முத்திரை குத்தியது. வானொலி தொலைக்காட்சித் தலைவர் தோதி லுபோன்யாவும், நாடக ஆசிரியராக இருந்து கட்சித் தலைவர்களில் ஒருவராக உயர்ந்த ஃபாதில் பாச்ராமியும் சிறைவைக்கப்பட்டார்கள். தோதியின் மகன் ஃபாத்தோஸ் எழுதிவைத்த குறிப்புகளுக்காக 1974-இல் கைதாகி, 17 ஆண்டு கழித்து 1991-இல்தான் வெளியே வந்தார்.

உங்களுக்கும் தொல்லைகள் உண்டு. அவற்றைச் சிறுமைப்படுத்த நான் வரவில்லை. வழக்கு வருகிறது, மிரட்டல் வருகிறது, அரங்கத்துக்காரர் கடைசி நேரத்தில் இடம் இல்லை என்கிறார். அவை எல்லாம் உண்மையான துன்பங்கள். ஆனால் ஃபியெர் நகரத்து மேடையில் தவறான இடத்தில் தவறான சிரிப்பு எழுந்தால் அதற்கு விலை ஒரு மனிதனின் பத்தாண்டு. அதைத் தெரிந்துகொண்டே அடுத்த வாரத்துக்கான குறுநாடகத்தை எழுத உட்கார்ந்தவர்கள் அவர்கள். சும்மா சிரிக்க வைக்கிறோம் என்று அவர்களில் ஒருவரும் சொல்லியிருக்க முடியாது.

இனி உங்களுக்குக் கசக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அந்த அரசு அங்கதத்தைத் தடை செய்யவில்லை, அங்கதம் வேண்டும் என்று கேட்டது. ஹொஸ்தேனி என்ற நகைச்சுவைப் பத்திரிகை 1945 முதல் அங்கே வந்துகொண்டிருந்தது. எஸ்ட்ராடா கலைஞர்கள் மாதச் சம்பளம் வாங்கினார்கள். ஆனால் யாரைக் கேலி செய்யலாம் என்பதற்கு ஒரு எல்லை இருந்தது. வேலைக்குத் தாமதமாக வரும் குமாஸ்தாவைக் கேலி செய்யலாம். கடையில் சரக்கைப் பதுக்கும் மேலாளரை, சோம்பேறியை, பழைய பழக்கங்களை விடாத கிழவியை, வெளிநாட்டு உடைக்கு ஆசைப்படும் பையனைக் கேலி செய்யலாம். கட்சியைத் தொடக்கூடாது. தலைவரைத் தொடக்கூடாது. கீழே இருப்பவனைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி, மேலே இருப்பவனைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. சிரிப்பைக் கொடுத்துவிட்டுச் சிரிப்பின் பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இப்போது உங்கள் நாடகங்களை நினைத்துப் பாருங்கள். உங்கள் தலைக்கு மேலே கட்சியின் மத்தியக் குழு இல்லை. 55-ஆம் பிரிவு இல்லை. அப்படியிருந்தும் உங்களில் பலர் தேர்ந்தெடுக்கும் இலக்கு யார்? குண்டான பெண், கறுத்த பையன், கிராமத்துப் பேச்சு பேசுகிற உறவினர், ஊமையாக வரும் வேலைக்காரர், திருநங்கை, மாமியார், மூக்கால் பேசும் வாத்தியார். இந்தப் பட்டியலைத் தீரானாவின் தணிக்கைக் குழுவிடம் கொடுத்திருந்தால் ஒரு வரிகூட வெட்டாமல் முத்திரை போட்டுக் கொடுத்திருப்பார்கள். சுதந்திரமான நாட்டில் உட்கார்ந்துகொண்டு, சர்வாதிகாரி அனுமதித்திருக்கக்கூடிய நகைச்சுவையை எழுதுகிறீர்கள். இது உங்கள்மீது எனக்கு உள்ள பெரிய வருத்தம். வெளியே நிற்கிறோம் என்று பெருமை பேசுகிறீர்கள். யாரையும் உறுத்தாமல் வெளியே நிற்பதில் என்ன பெருமை?

எல்லை போட்டு வைத்த மேடையில் நல்ல எஸ்ட்ராடா எழுத்தாளர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். தொழில் நுணுக்கம் அங்கேதான் இருக்கிறது. மேடையில் வருபவர் ஒரு சின்ன கூட்டுறவுக் கடையின் பொறுப்பாளர்தான். வசனம் ரொட்டியைப் பற்றியதுதான். ஆனால் பொய்யை அவர் சொல்லும் தோரணை, புள்ளிவிவரத்தை அவர் வாசிக்கும் குரல், தன்னைத் தானே பாராட்டிக்கொள்ளும் விதம் இவற்றைப் பார்வையாளர் எங்கோ கேட்டிருக்கிறார். எங்கே என்பதை எழுத்தாளர் சொல்லவே மாட்டார். சொல்லாததைக் கூட்டம் புரிந்துகொள்ளும். நாளைக்கு விசாரணை வந்தால், கடைக்காரரைப் பற்றித்தானே எழுதினேன் என்று நிற்கவும் இடம் இருக்கும். ஒரு சொல் கூடினால் சிறை. ஒரு சொல் குறைந்தால் நாடகம் செத்துப்போகும். அந்த இடைவெளியில் நின்று எழுதுவதற்குச் சொல்லை எடைபோடும் திறமை வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் மௌனம் என்ன சொல்கிறது என்று அறியும் காது வேண்டும். எப்போது நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தூதருக்கு என்ன திறமை வேண்டும் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். இதையேதான் சொல்வார்கள்.

1990 டிசம்பரில் தீரானாவில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1991 பிப்ரவரி 20-இல் நகரத்தின் நடுச் சதுக்கத்தில் நின்ற ஹோஜாவின் சிலையை மக்கள் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். 1992 மார்ச் தேர்தலில் பழைய கட்சி தோற்றது. புதிய அரசுக்கு உலகத்தோடு பேச ஆட்கள் தேவைப்பட்டார்கள். அல்பேனியா அப்போது எப்படி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். யூகோஸ்லாவியாவோடு முறித்துக்கொண்டு, 1961-இல் சோவியத் ஒன்றியத்தோடு முறித்துக்கொண்டு, 1978-இல் சீனாவின் உதவியும் நின்றுபோய், தனித்து உட்கார்ந்திருந்த நாடு. வெளிநாட்டுக் கடன் வாங்குவதை 1976-இன் அரசியல் சட்டமே தடை செய்திருந்தது. வயல்களிலும் கடற்கரையிலும் கான்கிரீட் பதுங்கு குழிகள் பரவிக் கிடந்தன. அனுபவம் உள்ள தூதர்கள் எல்லாம் பழைய ஆட்சியின் ஆட்கள். மற்றவர்களுக்கு அயல்நாடு என்பதே தெரியாது.

அந்த நெருக்கடியில் எழுத்தாளர்களைக் கூப்பிட்டார்கள். நாவலாசிரியர் பெஸ்னிக் முஸ்தஃபாய் பிரான்சுக்குத் தூதராகப் போனார். கவிதைக்காகச் சிறையில் கிடந்த விசார் ஜீத்தி பின்னர் ரோமில் அல்பேனியத் தூதரகப் பணியில் இருந்தார். ஃபியெர் எஸ்ட்ராடாவின் பெலும்ப் குலா 1993-இல் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபைக்கான நிரந்தரப் பிரதிநிதி ஆனார். 1997 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். போகமாட்டேன், வெளியே நின்று கேலி செய்வதுதான் என் வேலை என்று அவர் சொல்லியிருக்கலாம். நியாயமான பதிலாகவும் அது கேட்டிருக்கும். ஆனால் அந்த நாற்காலி காலியாக இருந்திருக்காது. வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

அங்கே அவருக்குக் காத்திருந்த வேலை எளிதானதா? பக்கத்தில் யூகோஸ்லாவியா சிதறி எரிந்துகொண்டிருந்தது. கொசோவோவில் அல்பேனிய மொழி பேசும் மக்கள் பள்ளிக்கூடங்களிலிருந்தும் வேலைகளிலிருந்தும் விரட்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். உலகத்தின் கண் முழுதும் போஸ்னியா மீது இருந்த காலம் அது. கொசோவோவில் இன்னும் குண்டு வெடிக்கவில்லை என்பதால் அதைப் பற்றிக் கேட்க யாருக்கும் நேரம் இல்லை. கடிதத்துக்குமேல் கடிதம், உரைக்குமேல் உரை என்று அந்தப் பிரச்சினையை மேசையிலிருந்து விழாமல் பிடித்துவைப்பதுதான் ஒரு சிறிய நாட்டுத் தூதுக்குழுவால் செய்யக்கூடியது. 1994 டிசம்பரில் பொதுச்சபை கொசோவோவின் மனித உரிமை நிலை பற்றி 49/204 என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அது போரைத் தடுக்கவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரியாது என்று பிற்பாடு யாரும் சொல்ல முடியாதபடி ஏட்டில் ஏறியது. கேட்க விரும்பாத கூட்டத்தைக் கேட்க வைப்பது என்பது நாடகக்காரருக்கு அன்றாட வேலை. உங்களுக்கும் அதுதானே வேலை?

இந்த இடத்தில் நீங்கள் எழுப்பப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். அது கனமான கேள்வி, ஒதுக்கிவிட்டுப் போகமாட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த அரசாங்கத்தின் தவற்றுக்கும் நாம்தானே வாய்? ஆம். அதற்கும் அல்பேனியாவே சாட்சி. 1990-களின் நடுவில் அங்கே வட்டியை வாரி வழங்குவதாகச் சொன்ன நிதி நிறுவனங்கள் முளைத்தன. பின்னால் வருகிறவரின் பணத்தை முன்னால் வந்தவருக்குக் கொடுக்கும் அந்த மோசடி நமக்கும் தெரிந்ததுதான். மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கினர் பணம் போட்டிருந்தார்கள். உச்சத்தில் அந்த நிறுவனங்கள் திருப்பித்தர வேண்டிய தொகை நாட்டின் ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ பாதி. அரசு கண்டும் காணாமல் இருந்தது. 1997-இன் தொடக்கத்தில் எல்லாம் சரிந்தது. வ்லோராவிலும் தெற்கு ஊர்களிலும் மக்கள் கிளர்ந்தார்கள். ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டன. சுமார் 2,000 பேர் உயிரிழந்தார்கள். மார்ச் 28-இல் பாதுகாப்பு சபை 1101-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி, இத்தாலியின் தலைமையில் பன்னாட்டுப் படை அல்பேனியாவுக்குப் போக வழி திறந்தது.

தன் நாட்டு அரசாங்கம் தன் மக்களை ஏமாறவிட்ட காலத்திலும் அந்த நாட்டின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது ஒரு தூதருக்கு விதிக்கப்பட்ட வேலை. அந்த வேலையில் கறை படாமல் யாராலும் இருக்க முடியாது. அதே நேரத்தில், உதவிக்குப் படை வர வேண்டும் என்று கேட்பதற்கும் அங்கே ஒரு நாடு உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். வெளியே நின்று கைகழுவுகிறவருக்குக் கறை படாது என்பது உண்மை. பசித்தவருக்கு அவரால் ஒரு ரொட்டி வராது என்பதும் உண்மை.

குலாவுக்கு முன்னாலும் அந்த நாட்டில் இந்தப் பாதையில் போனவர்கள் உண்டு. அவர்கள் கதையில் உங்களுக்கான எச்சரிக்கை இருக்கிறது.

ஃபான் நோலி இளம்வயதில் ஏதென்ஸ் நகரத்து நாடகக் குழுவில் பின்னிருந்து வசனம் எடுத்துக்கொடுப்பவராக, பிரதி எடுப்பவராக, நடிகராக இருந்தார். அந்தக் குழுவோடு எகிப்துக்குப் போனார். அங்கிருந்து அமெரிக்கா போய் 1908-இல் பாஸ்டனில் பாதிரியாராகி, முதல்முறையாக அல்பேனிய மொழியில் வழிபாடு நடத்தினார். நாடகம் எழுதினார், ஷேக்ஸ்பியரையும் இப்சனையும் செர்வான்டெஸையும் தன் மொழிக்குக் கொண்டுவந்தார். 1920 டிசம்பரில் அல்பேனியா சர்வதேச சங்கத்தில் உறுப்பினரானபோது அதன் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. எல்லைகளை வல்லரசுகள் பங்குபோடப் பார்த்த காலத்தில், நாங்கள் ஒரு நாடு என்று ஏற்க வைத்த வெற்றி அது. 1924 ஜூனில் அவர் பிரதமரானார். செப்டம்பரில் அந்தச் சங்கத்தின் ஜெனீவா மேடையில் ஏறி நாடாளுமன்றங்களின் வெற்றுப் பேச்சைக் கிண்டலடித்து உரையாற்றினார். அவை கேட்டது. அவருடைய ஏழை நாட்டுக்குக் கடன்தான் கிடைக்கவில்லை. டிசம்பர் இறுதியில் அவருடைய அரசியல் எதிரி அகமது ஸோகு படையோடு திரும்பி வந்தபோது நோலியின் ஆட்சி முடிந்தது. நிலத்தை உழவருக்குப் பங்கிடுவேன் என்ற வாக்குறுதி நிறைவேறவே இல்லை.

நோலியின் நண்பரும் சில காலம் எதிரியுமாக இருந்தவர் ஃபாயிக் கொனிட்சா. பிரஸ்ஸல்ஸில் 1897-இல் 'அல்பேனியா' என்ற பத்திரிகையைத் தொடங்கி லண்டனிலும் நடத்தியவர். பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேர் அவரைத் தேடி லண்டனுக்குப் போயிருக்கிறார். அல்பேனிய உரைநடையில் அவருடைய கேலிக்கு இணையாகக் கூர்மை உள்ள எழுத்து அரிது. 1924-இல் அவர் எழுதத் தொடங்கிய 'டாக்டர் க்யில்பெரா' தன் சமூகத்தின் அழுக்கையும் அறியாமையையும் ஈவிரக்கமின்றித் தோலுரித்த அங்கதக் கதை. அது முடிவு பெறவில்லை. 1926-இல், அதுவரை தான் கடுமையாக ஏசிய அதே ஸோகுவின் அரசில், வாஷிங்டனுக்கான தூதர் பதவியை ஏற்றார். 1939-இல் இத்தாலி அல்பேனியாவை விழுங்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். தன் நாட்டைப் பற்றி அமெரிக்கருக்கு எடுத்துச்சொல்ல அவரைப்போல் படித்தவர் வேறு யாரும் கிடைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் நாம் எதிர்பார்க்கும் பெரிய அங்கதம் எதுவும் அவரிடமிருந்து வரவில்லை. 1942-இல் வாஷிங்டனிலேயே இறந்தார். நாட்டுக்கு ஒரு தூதர் கிடைத்தார், மொழி ஒரு எழுத்தாளரை இழந்தது. அந்தக் கணக்கு எனக்கு நிறைவு தரவில்லை.

இன்னும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கலைஞர் பதவிக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. தீரானாவின் தேசிய நாடக அரங்கம் 1939-இல் இத்தாலியர் கட்டியது. அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் திட்டத்தை எதிர்த்து நடிகர்களும் இயக்குநர்களும் இரண்டு ஆண்டுக்கும் மேலாகப் போராடினார்கள், கட்டடத்துக்குள்ளேயே இரவும் பகலும் காவல் இருந்தார்கள். ஐரோப்பாவில் அழிவின் விளிம்பில் நிற்கும் ஏழு மரபுச் சின்னங்களில் ஒன்றாக ஐரோப்பிய மரபுப் பாதுகாப்பு அமைப்பு அதை 2020-இல் சேர்த்தது. அதே 2020-இன் மே 17-ஆம் நாள் விடியலில், பெருந்தொற்றின் கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்தபோது, போலீஸ் காவலோடு இயந்திரங்கள் வந்து அதை இடித்தன. அன்றைய பிரதமர் எடி ராமா ஓவியர். ஆகவே நாற்காலியில் கலைஞர் இருந்தால் மட்டும் போதாது என்பதும் அல்பேனியா சொல்லும் பாடம்.

அப்படியானால் எது போதும்? நான் எண்ணிப் பார்த்த அளவில், கேலி செய்கிறவரின் மனம் நாற்காலியிலும் உயிரோடு இருக்க வேண்டும். மற்றவரைக் கேலி செய்வது எளிது. தன் அலுவலகத்தை, தன் முத்திரையை, தன் உரையைக் கேலியாகப் பார்க்கத் தெரிந்தவர் பதவிக்குள் போனால்தான் பதவி அவரை விழுங்காது. எஸ்ட்ராடா மேடையில் புள்ளிவிவரம் வாசிக்கும் போலிக் கடைக்காரரை எழுதியவருக்கு, தானே புள்ளிவிவரம் வாசிக்கும் நாள் வரும்போது குரல் கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம் நாட்டுக்குத் தேவை. அதை வேறு எந்தப் பயிற்சிக் கல்லூரியும் தராது. குலாவைப் பொறுத்தவரை எனக்கு ஆறுதலான செய்தி, பதவி போன பிறகும் அவர் எழுத்தை விடவில்லை என்பதுதான். நகைச்சுவைக்காரராகவே மக்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இனி உங்களிடம் நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

உங்களில் யாரையும் நாளைக்கே ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பப்போவதில்லை. ஆனால் சின்ன நாற்காலிகள் உங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஊர் நூலகத்தின் வாசகர் வட்டம், அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழு, கிராம சபை, நடிகர் சங்கத்தின் செயற்குழு, நாடக விழாவின் தேர்வுக் குழு, நகராட்சி அரங்கத்தின் வாடகையை முடிவு செய்யும் கூட்டம். இவற்றில் உட்கார உங்களைக் கூப்பிடும்போது, எனக்கு எதற்கு அந்த வம்பு என்று நழுவுகிறீர்கள். பிறகு அந்தக் கூட்டத்தில் எடுத்த முடிவை வைத்து ஒரு நாடகம் போடுகிறீர்கள். கைதட்டல் கிடைக்கிறது. முடிவு அப்படியே இருக்கிறது. அரங்க வாடகை உயர்ந்துவிட்டது என்று புலம்புகிற நீங்கள், அந்த வாடகையை நிர்ணயித்த மேசையில் உங்களில் ஒருவரும் ஏன் இல்லை என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

ஆகவே அழைப்பு வந்தால் போங்கள். போகும்போது இரண்டு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவதை நிறுத்தச் சொல்லும் நாற்காலி எதுவாக இருந்தாலும் அதிலிருந்து எழுந்துவிடுங்கள்; கொனிட்சாவின் முடிவுபெறாத கதை நினைவில் இருக்கட்டும். உங்களைக் கேலி செய்து இன்னொருவர் எழுதும் நாடகத்துக்கு முதல் வரிசையில் போய் உட்காருங்கள். அதைத் தாங்க முடியாத நாள் வந்தால், அந்தப் பதவியில் நீங்கள் இருந்தது போதும். உங்கள் நண்பர் ஒருவர் இப்படிப் பொறுப்பேற்றுப் போனால், விலைபோனவன் என்று முதல் நாளே முத்திரை குத்தாதீர்கள். ஓர் ஆண்டு பொறுத்து, அவர் செய்ததைப் பார்த்து, பிறகு கேலி செய்யுங்கள். அவர் செய்த தவற்றைக் கேலி செய்யுங்கள், போனதையே குற்றமாக்காதீர்கள்.

போகாதவர்களிடமும் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. அடுத்து எழுதும் நாடகத்தில், உங்களைத் திருப்பி அடிக்கும் வலிமை உள்ள ஒருவரை இலக்காக வையுங்கள். வலிமை இல்லாதவரைப் பார்த்துச் சிரிக்கும் காட்சிகளை வெட்டி எறியுங்கள். உங்களுக்குத் தணிக்கைக் குழு இல்லாத குறையை நீங்களே தீர்த்துவைக்காதீர்கள்.

சிறைக் கதவுக்கு முன்னால் நின்று சிரிக்க வைத்தவர்கள் தம் நாட்டுக்காக உலகத்தின் முன்னால் நிற்கவும் துணிந்தார்கள். உங்களுக்கு முன்னால் அந்தக் கதவு இல்லை. மேடை இருக்கிறது, பேச்சுரிமை இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது. இவ்வளவும் வைத்துக்கொண்டு, கீழே இருப்பவரைக் கேலி செய்துவிட்டுப் பொறுப்பை மற்றவருக்குத் தள்ளிவிடுவது உங்கள் தொழிலுக்கு நீங்கள் செய்யும் அவமரியாதை. அதை இன்றோடு விடுங்கள். மேலே இருப்பவரைக் கேலி செய்யுங்கள். கூப்பிட்டால் பொறுப்பேற்கவும் எழுந்து வாருங்கள்.

அன்புடனும் உரிமையுடனும்,
உங்கள் பார்வையாளன்